தண்டையார்பேட்டை சனிக்கிழமைப் பட்டறை: அட்டையில் எரியும் விளக்கு

6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. ஒட்டும் செம்புப் பட்டை, எல்.இ.டி., 47 ஓம் மின்தடை, இரண்டு 1.5 வோல்ட் பென்சில் செல், பொருள் இவ்வளவுதான். அட்டையில் பட்டையை ஒட்டி மின்சாரம் ஓடப் பாதை அமைத்து விளக்கை எரிய வைக்க வேண்டும். மூலையில் பட்டையை வெட்டி ஒட்டினால் விளக்கு எரியாமல் போகலாம். பசைப் பக்கம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. வெட்டாமல் மடித்துத் திருப்ப வேண்டும். இதைச் சொல்லாமல் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுகிறார்கள், அருமை! செல் தேய்ந்தால் சிவப்பு விளக்கு எரியும், நீல விளக்கு மங்கும்: சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வேண்டும். ஏன் என்று பிள்ளைகள் கேட்கும்போதே வகுப்பு முடிந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரம் போதாது. மேசைக்கு 6 பேரும் அதிகம். கூச்சப்படும் பிள்ளை பட்டையைத் தொடாமலே வீடு திரும்புகிறது. 3 பேராகக் குறைத்தால், காசிமேட்டிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் தாராளமாக அனுப்பலாம்.