7,700 ரூபாயில் செய்த மூன்று சக்கர சைக்கிள்: மூன்றரை வருட அனுபவம்

மகளுக்கு இப்போது பத்தரை வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். இரண்டு கால்களிலும் இறுக்கம், இடது காலில் கொஞ்சம் கூடுதல். வாக்கர் பிடித்து நடப்பாள். ஏழு வயதில், அபார்ட்மென்ட் பிள்ளைகள் எல்லாம் கீழே சைக்கிளில் சுற்றுவதைப் பார்த்துவிட்டு எனக்கும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

முதலில் 16 இன்ச் சைக்கிளில் பேலன்ஸ் வீல் மாட்டிப் பார்த்தோம். பத்து நாள் தாங்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும் பிள்ளையின் எடைக்கு அந்தச் சின்னச் சக்கரத்தின் தகடு வளைந்துவிடுகிறது. காலும் பெடலில் நிற்காது. முட்டி உள்ளே மடங்கி ஃபிரேமில் இடிக்கும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் தரும் மத்திய அரசின் ஏடிஐபி (ADIP) திட்ட முகாமுக்கும் போனோம். குடும்பத்தின் மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் அந்தத் திட்டத்தில் உபகரணம் இலவசம், 30,000 வரை பாதி விலை. ஆனால் அங்கே மூன்று சக்கர வண்டி என்றால் கையால் சுற்றுவது. பெரியவர்கள் வெளியே போய்வர நல்ல வண்டிதான், எங்களுக்குக் கால் அல்லவா அசைய வேண்டும்! வெளிநாட்டில் ரிஃப்டன் போன்ற கம்பெனிகள் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே செய்கின்றன. விலை ஆயிரம் டாலருக்கு மேல். படத்தை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டு கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். கோயம்புத்தூரில் குடியிருப்பதில் இது ஒரு வசதி. பட்டறைக்கார அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பண்ணிடலாங்க. பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க, அளவெடுக்கோணும்" என்றார்.

பழைய 16 இன்ச் சைக்கிள் 1,200. பின்னால் இரண்டு சக்கரமும் டயர் டியூபும் 1,400. அச்சு, பேரிங், வெல்டிங் கூலி எல்லாம் சேர்த்து 3,800. சீட்டுக்கு 900, கால் பலகைக்கும் வெல்க்ரோவுக்கும் 400. ஆக 7,700.

இதில் எனக்குத் தெரியாமல் இருந்த சங்கதி பின் அச்சு. இரண்டு பின் சக்கரத்தையும் அச்சோடு இறுக்கிவிட்டால் வண்டி சுலபமாகத் திரும்பாது, ஏனென்றால் திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதனால் ஒரு சக்கரம் மட்டும் செயினோடு சுற்றும், மற்றது சும்மா உருளும். அப்படிச் செய்தால் மிதிக்கும்போது வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கும். அண்ணன் இடது சக்கரத்துக்கு இழுவை கொடுத்தார். நம் ரோடு இடது ஓரமாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவு இடது பக்கம் இழுக்க, சக்கரம் வலது பக்கம் தள்ள, ஓரளவு நேராகப் போகும். இந்தக் கணக்கை அவர் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

சாதாரண சைக்கிளில் மிதிக்காதபோதும் சக்கரத்தை உருள விடுவது ஃப்ரீவீல். பிசியோதெரபிஸ்ட் சொன்னதன் பேரில் அதை எடுத்துவிட்டு ஃபிக்ஸட் போட்டோம். சக்கரம் உருளும்வரை பெடலும் சுற்றும். பெடல் மேலே வரும் இடத்தில் அவள் கால் அப்படியே நின்றுவிடும். ஃபிக்ஸடில் வண்டியின் வேகமே அந்தக் காலைத் தாண்ட வைத்தது. இரண்டு மாதத்தில் தானாகவே பத்தடி மிதித்தாள். ஆனால் ஒரு நாள் மாமனார் தள்ளிக்கொண்டு போகும்போது பார்க்கிங் சரிவில் கை நழுவிவிட்டது. பெடல் காலை வாரிச் சுழற்றியது, முட்டியில் நல்ல அடி. மறுநாளே பின்னால் தள்ளும் பைப்பில் ஒரு பிரேக் லீவர் மாட்டி, கேபிளை முன் சக்கரத்துக்கு இழுத்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

கால் பலகையில்தான் அதிகம் திண்டாடினோம். பிளைவுட் துண்டு, குதிகால் நழுவாமல் இருக்கப் பாதியாக அறுத்த பிவிசி பைப், மேலே இரண்டு வெல்க்ரோ பட்டை. ஏற்றி உட்கார வைக்கும்போதெல்லாம் பலகை தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பலகை என்று மூன்று மாதம் அவஸ்தைப்பட்டேன். அப்புறம் பலகைக்கு அடியில் கனமான நட்டுபோல்ட் இரண்டு முடுக்கினோம், அது தானாக மேல்பக்கம் பார்த்து நின்றது. வெல்க்ரோ ஆறு மாதத்துக்கு மேல் பிடிக்காது. நூலும் முடியும் அடைத்துக்கொள்ளும். பழைய சீப்பால் வாரிவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

சீட்டுக்கு முதலில் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல்பாதியை அறுத்து மாட்டினோம். ஒரே கோடையில் விரிசல். இப்போது ஸ்கூட்டரில் குழந்தைகளுக்கு மாட்டும் இரும்புச் சீட், அது அசையவில்லை. பெல்ட்டை வயிற்றின் குறுக்கே கட்டாதீர்கள், உடம்பு அடியில் சறுக்கும். தொடை தொடங்கும் இடத்தில், இடுப்பெலும்புக்குக் கீழே வரட்டும்.

என் முட்டாள்தனம் ஒன்று: வீட்டு வாசலை அளக்கவில்லை. வண்டி 32 இன்ச் அகலம், கதவு 30. அச்சைக் கழற்றி 27 ஆக்கினோம். அகலம் குறைந்ததால் வேகமாகத் திருப்பினால் உள்சக்கரம் தூக்குகிறது; ஒரு முறை முருங்கை மரத்தடியில் கவிழ்ந்தும் இருக்கிறாள். அதற்குப் பிறகு சீட்டை இரண்டு இன்ச் இறக்கினோம்.

ஒன்றரை வருடம் கழித்து, கால் பழகியதும் ஃப்ரீவீலுக்கு மாற்றினோம். சரிவு பயம் போனது. ஆனால் ஃபிக்ஸடில் பெடலைப் பின்னால் மிதித்தால் வண்டியும் பின்னால் வரும். ஃப்ரீவீலில் வராது. சுவரில் முட்டி நின்றுகொண்டு "அம்மா, ரிவர்ஸ் எங்கே?" என்று அவள் கத்தியபோதுதான் எனக்கே உறைத்தது. இப்போதும் யாராவது போய் இழுத்துவிட வேண்டும்.

இத்தனை நாளில் பழுதுக்குச் செலவு 4,000 ரூபாய் சுமார். பேரிங் ஒரு தடவை, செயின் இரண்டு தடவை, மற்றபடி பஞ்சர். மழையில் நனைந்தால் வெல்டிங் இடங்களில் துரு பிடிக்கிறது, வருடம் ஒரு முறை பெயின்ட் அடித்துவிடுங்கள். நடையில் பெரிய மாற்றம் வந்ததா என்று கேட்டால், இல்லை. மாலை ஐந்து மணிக்கு வீட்டில் இருக்க மாட்டாள், அதுதான் வித்தியாசம்.

இப்போது முட்டி ஹேண்டில்பாரைத் தொடுகிறது. 20 இன்ச் சக்கரத்தில் அடுத்த வண்டிக்கு அண்ணன் அளவெடுத்துவிட்டார். இந்த வண்டியை தெரபிக்கு வரும் ஆறு வயதுப் பையனுக்குக் கொடுக்கப் போகிறோம். பெல் மட்டும் புதிதாக வாங்கி மாட்ட வேண்டும். பழையதைத் தர முடியாது என்று சொல்லிவிட்டாள்.