பைதானின் என்என்டிபிலிப்: நியூஸ்குரூப் சர்வரைப் படிக்க இன்றும் போதுமா?

நியூஸ்குரூப், அதாவது பலரும் கட்டுரைகள் இட்டுப் பேசிக்கொள்ளும் பழைய இணையக் குழு, என்றதும் "அதெல்லாம் இன்னுமா ஓடுது?" என்பதுதான் கோவைப் பக்கம் மென்பொருள் வேலையில் இருப்பவர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி. ஓடுகிறது. கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரி 22-ஆம் தேதியோடு, இந்தக் குழுக்கள் ஓடும் வலைப்பின்னலான யூஸ்நெட்டில் புதிய பதிவுகளை ஏற்பதையும் காட்டுவதையும் நிறுத்திவிட்டதால் பிரவுசர் வழி அடைபட்டது, அவ்வளவுதான். சர்வர்கள் இருக்கின்றன. அவற்றோடு பேசும் என்என்டிபி நெறிமுறையும் 1986-இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 977, 2006-இல் அதை மாற்றி எழுதிய ஆர்எஃப்சி 3977 என்று தெளிவாக எழுதப்பட்டு நிற்கிறது. சோக்.கல்ச்சர்.தமிழ் குழுவின் பழைய கட்டுரைகளைச் சேமிக்க நினைப்பவருக்கும், லினக்ஸ் கெர்னல் மடலாடலை (மெயிலிங் லிஸ்ட்) மின்னஞ்சலில் குவிக்காமல் படிக்க நினைப்பவருக்கும் ஸ்கிரிப்ட் வழிதான் வசதி. அந்த வேலைக்குப் பலரும் முதலில் எடுக்கும் பைதான் நூலகமான என்என்டிபிலிப் எப்படி உழைக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதே இந்த மதிப்புரை.

முதலில் நிறுவும் சிக்கல். பைதான் 3.12 வரை இது மொழியோடு கூடவே வந்தது. 3.11-இல் "இனி வேண்டாம்" பட்டியலில் சேர்த்தார்கள். 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் எடுத்தே விட்டார்கள். பழைய ஸ்கிரிப்டைப் புதிய பைதானில் ஓட்டினால் முதல் வரியிலேயே மாட்யூல் இல்லை என்று நின்றுவிடும். பிப் மூலம் ஸ்டாண்டர்ட்-என்என்டிபிலிப் என்ற தொகுப்பை நிறுவினால் போதும். அதே பழைய நிரல்தான், இம்போர்ட் பெயரும் மாறாது. 3.12 அல்லது அதற்கு முந்தையது இருந்தால் அதுவும் வேண்டியதில்லை.

அடுத்தது இணைப்பு. மறையாக்கம் இல்லாமல் 119-ஆம் போர்ட், டிஎல்எஸ் உடன் 563. பீளமேடு, சரவணம்பட்டிப் பக்கத்து அலுவலகமோ விடுதியோ எதுவானாலும், வெப் தவிர மற்ற போர்ட்டுகளை அடைத்துவைத்த நெட்வொர்க்கில் இரண்டுமே திறக்காது. டைம்அவுட் வந்ததும் நிரலைக் குடைவதற்கு முன், டெல்நெட்டில் 119-ஐத் தட்டிப் பாருங்கள். 200 அல்லது 201 என்று தொடங்கும் வரி வந்தால் பாதை சரி. 200 என்றால் பதிவிடலாம், 201 என்றால் படிக்க மட்டும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வந்து, அலுவலக வைஃபையில் வராவிட்டால் குற்றம் நூலகத்தின் மேல் இல்லை.

கணக்கு இல்லாமல் பழகிப் பார்க்க நியூஸ்.ஜிமேன்.ஐஓ நல்ல இடம். மடலாடல் குழுக்களை நியூஸ்குரூப் வடிவில் தருகிறது. என்என்டிபி.லோர்.கெர்னல்.ஆர்க் கெர்னல் மடலாடல்களுக்கானது. பொதுவான யூஸ்நெட் உரைக் குழுக்களுக்கு எடர்னல் செப்டம்பர் இலவசமாகக் கணக்கு தருகிறது. பைனரி கோப்புகள் அங்கே கிடையாது.

கணக்கு இருக்கும் சர்வர் என்றால் என்என்டிபி_எஸ்எஸ்எல் வகுப்பைத்தான் எடுக்க வேண்டும். 119-இல் கடவுச்சொல் அப்படியே வெளிச்சத்தில் போகும். இங்கே நூலகத்தின் மிக மோசமான இயல்பு ஒன்று ஒளிந்திருக்கிறது: எஸ்எஸ்எல் கான்டெக்ஸ்டை நாம் தராவிட்டால் அது சர்வரின் சான்றிதழைச் சரிபார்ப்பதே இல்லை. வாசலில் நிற்பது ஒரம்பரையா வேற்றாளா என்று பார்க்காமலே கதவைத் திறந்துவிடும். எஸ்எஸ்எல் மாட்யூலின் கிரியேட்_டிஃபால்ட்_கான்டெக்ஸ்ட் தருவதை எஸ்எஸ்எல்_கான்டெக்ஸ்ட் அளவுருவில் கட்டாயம் கொடுங்கள். டைம்அவுட்டையும் 30 வினாடி என்று வையுங்கள். இல்லையென்றால் பதில் வராத சர்வர் முன் ஸ்கிரிப்ட் விடிய விடியக் காத்துக்கிடக்கும். கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதாமல் நெட்ஆர்சி கோப்பில் வைத்து, யூஸ்நெட்ஆர்சி அளவுருவை ட்ரூ ஆக்கினால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

இதற்கு மேல் நூலகம் உண்மையிலேயே சொன்னபடி கேட்கிறது. க்ரூப் என்று அழைத்தால் ஐந்து மதிப்புகள்: சர்வரின் பதில், கட்டுரை எண்ணிக்கை, முதல் எண், கடைசி எண், குழுவின் பெயர். எண்ணிக்கை உத்தேசமானது, இடையில் நீக்கப்பட்ட எண்கள் இருக்கும் என்பதால் அதை நம்பி லூப் எழுதக் கூடாது. காலியான குழுவில் முதல் எண் கடைசி எண்ணைவிட ஒன்று கூடுதலாக வரலாம். அதைச் சோதிக்காமல் அடுத்த கட்டளைக்குப் போனால் 423 என்ற பிழை.

முழுக் கட்டுரைகளை இறக்குவதற்கு முன் ஓவர் கட்டளையால் தலைப்புச் (ஹெடர்) சுருக்கங்களை வாங்குவதே முறை. ஈரோட்டு ஏலத்தில் மாதிரி மஞ்சளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தானே மூட்டைக்கு விலை கேட்கிறார்கள், அது மாதிரி. ஒவ்வொரு கட்டுரைக்கும் பொருள், அனுப்பியவர், தேதி, கட்டுரையின் தனி அடையாளமான மெசேஜ்-ஐடி, முந்தைய கட்டுரைகளைச் சுட்டும் ரெஃபரன்சஸ், பைட் அளவு, வரி எண்ணிக்கை ஆகியவை டிக்ஷனரியாக வரும். பைட், வரி இரண்டின் சாவிப் பெயர்களுக்கு முன்னால் முக்காற்புள்ளி உண்டு. அதை விட்டால் கீஎரர். ஒரு தடவைக்கு 500 கட்டுரை என்று வெட்டிக் கேளுங்கள். முழு வீச்சையும் ஒரே தடவையில் கேட்டால், எல்லாவற்றையும் நினைவகத்தில் பட்டியலாகச் சேர்த்த பிறகே கையில் தரும். நடுவில் இணைப்பு அறுந்தால் வந்ததும் போய்விடும்.

ஓவர் ஓடிக்கொண்டிருக்கும்போது "லைன் டூ லாங்" என்று என்என்டிபிடேட்டாஎரர் வருவது இந்த நூலகத்தின் பேர்போன குறை. ஒரு வரிக்கு 2048 பைட் என்ற உச்சவரம்பை உள்ளே வைத்திருக்கிறார்கள். கெட்ட சர்வர் முடிவில்லாத வரியை அனுப்பி நினைவகத்தை நிரப்பிவிடாமல் இருக்கப் போட்ட வேலி அது. வேலி தேவைதான், ஆனால் கட்டிய இடம் நெருக்கம். நீண்ட விவாதத்தின் ரெஃபரன்சஸ் தலைப்பில் மெசேஜ்-ஐடிகள் வரிசையாகச் சேர்ந்துகொண்டே போகும். சுருக்கத்தில் எல்லாம் ஒரே வரியில் வருவதால் 2048-ஐ எளிதாகத் தாண்டும். மாட்யூலின் _மேக்ஸ்லைன் மாறியை இணைப்புக்கு முன்பே 65536 என்று மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. பிழை வந்த பிறகு அதே இணைப்பில் தொடர முயலாதீர்கள். மீதி வரிகள் சாக்கெட்டில் தேங்கிக் கிடக்கும். அடுத்த கட்டளைக்கான பதில் என்று அவற்றை எடுத்துக் குழம்பும். மூடிவிட்டுப் புதிதாக இணைப்பதே வழி.

பிழைகளைப் பிடிப்பதிலும் ஒரு பொறி. சர்வர் சொல்லும் 4-இல் தொடங்கும் பதில்கள் என்என்டிபிடெம்பரரிஎரர், 5-இல் தொடங்குபவை என்என்டிபிபெர்மனென்ட்எரர். இரண்டுக்கும் தாய் என்என்டிபிஎரர். இந்தப் பிரிப்பு நன்றாக இருக்கிறது: 411 என்றால் அந்தக் குழு சர்வரில் இல்லை, 430 என்றால் அந்த மெசேஜ்-ஐடி இல்லை, 480 என்றால் முதலில் உள்நுழைய வேண்டும், 481 என்றால் கடவுச்சொல் தவறு. ஆனால் சர்வர் பேசாமல் இணைப்பை மூடிவிட்டால் வருவது இஓஎஃப்எரர். அது இந்தக் குடும்பத்தில் சேராது. என்என்டிபிஎரரை மட்டும் பிடித்து வைத்திருக்கும் ஸ்கிரிப்ட் ராத்திரி நடுவில் செத்துக்கிடப்பதற்கு இதுதான் வழக்கமான காரணம். இஓஎஃப்எரர், ஓஎஸ்எரர் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். சும்மா இருக்கும் இணைப்பை மூன்று நிமிடமாவது விட்டுவைக்க வேண்டும் என்பது நெறிமுறை. அதற்கு மேல் காத்திருக்க சர்வருக்குக் கடமையில்லை. கட்டுரைக்குக் கட்டுரை நீண்ட ஓய்வு விடும் ஸ்கிரிப்ட் இதில்தான் மாட்டும்.

கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமே. ஒவ்வொரு 500-க்கும் கடைசி எண்ணை எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் எழுதிவிடுங்கள். அந்த எண்ணைக் குழு, சர்வர் இரண்டோடும் சேர்த்தே சேமிக்க வேண்டும்: கட்டுரை எண் அந்தந்த சர்வர் தானாகப் போடுவது, சர்வர் மாறினால் எண் மாறும். உலகம் முழுக்க ஒன்றாக இருப்பது மெசேஜ்-ஐடி மட்டுமே. அட்டவணையின் முதன்மைச் சாவி அதுவாக இருந்தால் ஒரே கட்டுரை இரண்டு சர்வரிலிருந்து வந்தாலும் இரட்டிக்காது.

இனித் தமிழ். இந்த நூலகத்தை நம் ஆட்கள் எடுப்பதற்கு முக்கியக் காரணமே இது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

யூனிகோட் பரவுவதற்கு முன் எழுதப்பட்ட கட்டுரைகளில் தமிழ் ரோமன் எழுத்திலோ, டிஸ்கி போன்ற 8-பிட் குறியேற்றத்திலோ இருக்கும். "கொங்கு" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் க, ொ, ங, புள்ளி, க, ு என ஆறு குறிகள். யுடிஎஃப்-8-இல் 18 பைட். டிஸ்கியிலோ ஒற்றைக்கொம்பு, க, கால், ங், கு என ஐந்தே பைட். ங், கு இரண்டும் அங்கே தனித்தனி முழு எழுத்துகள்; கொம்பு, நாம் தாளில் எழுதுவது போல, ககரத்துக்கு முன்னாலேயே நிற்கும். இதை லத்தீன்-1 என்று எடுத்துக்கொண்டு திறந்தால் உடைந்த குத்துக்கோடும் தலைகீழ் ஆச்சரியக்குறியுமாகத் தெரியும். பைட்டுக்கு பைட் மாற்றினாலும் கொம்பு இடம் மாறி நிற்கும். முறையான மாற்றி வேண்டும். பைதானின் உள்ளமைந்த கோடெக்குகளில் டிஸ்கி இல்லை. லினக்ஸில் இருப்பவர்களுக்கு அதன் அடிப்படை நூலகமான ஜிலிப்சி உடன் வரும் ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும். ஸ்கிரிப்டிலிருந்து சப்ராசஸ் மூலம் அதற்கு பைட்டுகளைத் தள்ளினால் வேலை முடிந்தது.

இங்கே என்என்டிபிலிப்பின் வடிவமைப்பைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆர்டிகிள், பாடி கட்டளைகள் வரிகளை பைட்டுகளாகவே தருகின்றன. எதையும் தானாக மாற்றித் தொலைப்பதில்லை. அந்த பைட்டுகளை அப்படியே வட்டில் எழுதிவையுங்கள். யூனிகோட் பிரதியைத் தனியாக உண்டாக்குங்கள். மாற்றியில் பிழை இருந்தால் நாளை மறுபடி ஓட்டலாம், மூலம் கையில் இருக்கிறது. தலைப்புகளை அது யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொண்டு, பொருந்தாத பைட்டுகளை சரோகேட்எஸ்கேப் முறையில் பத்திரப்படுத்தும். அப்படியே திரையில் அச்சிட்டால் யூனிகோட்என்கோட்எரர் வரும். அதே முறையில் என்கோட் செய்தால் மூல பைட்டுகள் ஒன்று குறையாமல் திரும்பக் கிடைக்கும்.

தலைப்பைப் படிக்கும் எழுத்தாக மாற்றும் டிகோட்_ஹெடர் மட்டும் இந்த அளவுக்குப் பொறுமைசாலி அல்ல. எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட் போன்ற தெரியாத எழுத்துத் தொகுதியின் பெயர் தலைப்பில் இருந்தால் லுக்அப்எரர் எறிந்துவிடும். முயற்சித்துப் பார்த்து, முடியாவிட்டால் மூலத்தையே வைத்துக்கொள்ளும்படி எழுதுங்கள். உடலைப் பிரிக்க ஈமெயில் மாட்யூலின் மெசேஜ்_ஃப்ரம்_பைட்ஸ் போதும். அதில் கெட்_பேலோட் கட்டளையை டிகோட் ட்ரூ என்று அழைத்து பைட்டாகவே வாங்குங்கள். எந்தக் குறியேற்றம் என்பதை அதன் பிறகு நாம் தீர்மானிப்போம்.

பதிவிடும் பகுதியில் பெரிய வம்பு இல்லை. போஸ்ட் கட்டளைக்கு சரம் ஆகாது, பைட்டாகத் தர வேண்டும். வரி முடிவு, வரித் தொடக்கப் புள்ளி இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஃப்ரம், நியூஸ்குரூப்ஸ், சப்ஜெக்ட் தலைப்புகளோடு மைம்-வெர்ஷன், எழுத்துத் தொகுதி யுடிஎஃப்-8 என்ற கன்டென்ட்-டைப், 8பிட் என்ற மாற்றுமுறை ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் நீங்கள் எழுதிய தமிழ் எதிர்முனையில் குப்பையாகத் தெரியலாம். 240 வந்தால் ஏற்றுக்கொண்டது, 441 வந்தால் தலைப்பில் ஏதோ குறை. முதல் சோதனையை மிஸ்க்.டெஸ்ட் குழுவில் செய்யுங்கள், நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் வேண்டாம்.

மாற்று நூலகங்கள்? பைதான் ஆவணமே கைகாட்டும் பைஎன்என்டிபி, சுருக்கப்பட்ட தலைப்புகளை இறக்கும் வசதி கொண்டது. சர்வரும் அதை ஆதரித்தால், லட்சக்கணக்கில் தலைப்பு வாங்குபவருக்கு நேரமும் டேட்டாவும் மிச்சம். முடிவுகளைப் பட்டியலாக அல்லாமல் ஒவ்வொன்றாகத் தருவதால் நினைவகமும் வீங்காது. ஆனால் கட்டளைகளின் அமைப்பு வேறு, பழைய ஸ்கிரிப்டை அப்படியே மாற்ற முடியாது. அதன் இம்போர்ட் பெயர் என்என்டிபி என்பதால் உங்கள் கோப்புக்கும் அதே பெயர் வைத்துவிடாதீர்கள், தன்னையே இம்போர்ட் செய்துகொண்டு நிற்கும். பெர்ல் தெரிந்தவர்களுக்கு நெட்::என்என்டிபி மொழியோடு கூடவே வருகிறது. அது பிழையை எறியாது, வெறும் கையைக் காட்டும், ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் சர்வரின் பதில் எண்ணைத் தரும் கோட் மதிப்பைப் பார்த்தாக வேண்டும்.

உரைக் குழுக்களைச் சேமிக்க, அதிலும் பழைய தமிழைச் சேமிக்க, என்என்டிபிலிப்பையே எடுக்கலாம்: சான்றிதழ் கான்டெக்ஸ்ட், 65536 என்ற வரி வரம்பு, இஓஎஃப்எரர் மூன்றையும் முதல் நாளே சரிசெய்துவிட்டு. பைனரி குழுக்களுக்கோ பெருவீத இறக்கத்துக்கோ இது ஆகாது, அங்கே பைஎன்என்டிபி. இறக்குவதைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம். க்ரூப் தரும் முதல் எண், பழைய கட்டுரைகள் காலாவதியாகும் சர்வரில் மாதாமாதம் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணுக்குக் கீழே போனது அந்த சர்வரில் திரும்பக் கிடைக்காது.