பினாங்கு வானத்து அயனிகள்: மாதிரியை நம்புவதா, துணைக்கோளை நம்புவதா?

பினாங்கின் ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில், ஃபிளாட்டின் பால்கனியில் ஒரு கம்பியைக் கட்டி அமெச்சூர் வானொலி கேட்பவன் நான். இங்கே பொழுது சாய ஏறக்குறைய ஏழரை ஆகும். அப்புறம் சில நாள், அதுவரை தெளிவாக வந்த தூரத்துக் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல நடுங்கும். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், செய்கிற வேலை அது. அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க என்னைப் போன்றவனுக்கு இரண்டு வழி.

ஒன்று, அந்த அயனி மண்டலத்தைக் கணக்கிட்டுக் காட்டும் ஐஆர்ஐ என்ற அனைத்துலகக் கணினி மாதிரி. 1960களின் கடைசியில் தொடங்கி, ரேடார், தரை நிலையம், துணைக்கோள் என்று கிடைத்த அளவீடுகளையெல்லாம் சேர்த்து உருவாக்கியது. இணையத்தில் இலவசம். அட்சரேகை 5.4, தீர்க்கரேகை 100.3, தேதி, நேரம் கொடுத்தால் போதும். எந்த உயரத்தில் ஆக்சிஜன் அயனி எத்தனை சதவீதம், ஹைட்ரஜன் எத்தனை என்று வரிசையாகக் கொட்டிவிடும். ஆனால் அது சொல்வது மாதச் சராசரி. இன்று ராத்திரி நடப்பதைக் கேட்டால் பதில் கிடையாது.

மற்றது, நேரில் போய் அளப்பது. 2008 ஏப்ரலில் ஏவிய சி/நோஃப்ஸ் துணைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு 13 பாகைச் சாய்வில், 400 முதல் 850 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. பினாங்கு அதன் பாதைக்குள் அடக்கம். அளக்கும் விதம்தான் எனக்குப் பிடித்தது. கருவியின் வாயில் கம்பி வலை. துணைக்கோள் நொடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் வேகத்தில் அயனிகளுக்குள் புகுந்து போகிறது. ஹைட்ரஜனைவிட ஆக்சிஜன் 16 மடங்கு கனம். அதே வேகத்தில் 16 மடங்கு ஆற்றலோடு வலைக்குள் பாயும். வலையின் மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஹைட்ரஜன் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்குள்ளேயே நின்றுவிடும். ஆக்சிஜனை மறிக்க ஐந்து வோல்ட் பக்கம் வேண்டும். வலையைத் தாண்டிவரும் அயனிகள் தரும் மின்னோட்டம் எந்தப் படியில் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால் கலவை தெரிந்துவிடும். மாவு சலிப்பது மாதிரிதான்.

குறை? தான் இருக்கும் இடத்தை மட்டுமே அது அளக்கும். பினாங்குத் தீவைத் தாண்ட அதற்குச் சில நொடி போதும்.

இரண்டும் முட்டிக்கொண்டது 2008இல். கீழே ஆக்சிஜன் அயனி, மேலே ஹைட்ரஜன் அயனி. கை மாறும் உயரம் இரவில் 640, பகலில் 960 கிலோமீட்டர் என்றுதான் எதிர்பார்த்திருந்தார்கள். துணைக்கோள் கண்டதோ இரவில் 420, பகலில் 800ஐச் சற்றே தாண்டிய உயரம். சூரியன் அப்போது அசாதாரண அமைதியில் இருந்தது. புற ஊதாக் கதிர் குறைந்து, மேல் வளிமண்டலம் குளிர்ந்து சுருங்கிவிட்டது. அப்படியொரு அமைதியை மாதிரிக்குள் போன தரவு அதிகம் பார்த்ததில்லை.

சேர்த்துவைத்த அளவீடுகளுக்குப் பதில் இயற்பியல் சமன்பாடுகளை வைத்துக் கணக்கிடும் சாமி3 என்ற மாதிரியும் உண்டு. பெயரைக் கேட்டு நண்பர்கள் கும்பிடுவார்கள். என் மடிக்கணினிக்கு அது கட்டுப்படியாகாது.

அடுத்த மாதம் எந்த அலைவரிசை எந்த நேரத்தில் எடுபடும் என்று திட்டம் போட நான் ஐஆர்ஐயைத்தான் திறப்பேன். 500 கிலோமீட்டருக்கு மேல் அயனிக் கலவை என்றால், அதிலும் சூரியன் தூங்கும் வருடங்களில், துணைக்கோள் சொல்வதுதான் எனக்கு முடிவு. சி/நோஃப்ஸ் 2015 நவம்பரில் எரிந்துபோனது. 2019இல் கிளம்பிய ஃபார்மோசாட்-7 கூட்டத்தின் ஆறு துணைக்கோள்களும் 24 பாகைச் சாய்வில் பறப்பதால் நம் தலைக்கு மேலும் வருகின்றன. குரல் நடுங்கிய நேரத்தை நோட்டில் குறித்து வைத்து, பிறகு அவற்றின் தரவோடு பொருத்திப் பார்க்கிறேன். ஐஆர்ஐயின் கோடு அந்த நேரத்திலும் வழவழவென்றுதான் போகிறது.