சென்னை டு டர்பன்: பெருந்தொற்றில் மூன்று சரக்கு வழிகளைப் பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் சேலை, பூஜைச் சாமான், காவடிப் பொருள் விற்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டுச் சரக்கு வந்து சேரும் வழி மூன்றுதான். அஞ்சல், கூரியர், கப்பல். 2020 மார்ச் முதல் 2022 ஏப்ரல் வரை மூன்றும் பலமுறை படுத்து எழுந்தன. எது வேகம் என்று தேடியவர்களைவிட, எந்தப் பொருளை எதில் போடக் கூடாது என்று தெரிந்து வைத்திருந்தவர்களே நட்டமில்லாமல் கரையேறினார்கள்.

அஞ்சல் ஏன் நின்றது என்பதில் இன்றும் பலருக்குக் குழப்பம். உலகில் விமானத்தில் போகும் சரக்கில் ஏறக்குறைய பாதி, பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில் போகிறது. அஞ்சல் பைகள் பெரும்பாலும் அந்த இடத்தை நம்பியவை. இந்தியா 2020 மார்ச் 23 முதல் சர்வதேசப் பயணிகள் விமானங்களை நிறுத்தியது. தென்னாப்பிரிக்காவில் மார்ச் 26 நள்ளிரவு ஊரடங்கு வந்தது. பறக்க விமானமே இல்லாதபோது தபால்காரரைத் திட்டிப் பயனில்லை. இங்கே இணையத்தில் எல்லாப் பொருளையும் விற்கலாம் என்ற அனுமதியும் மே 14 அன்றுதான் வந்தது, அதுவும் மதுவும் புகையிலையும் நீங்கலாக. கையில் சரக்கு இருந்தவர்களும் அதுவரை அனுப்ப முடியவில்லை.

அஞ்சலை இன்னும் முழுசாகக் கைவிட வேண்டாம். இரண்டு கிலோவுக்குள் அடங்கும், உடையாத, அவசரமில்லாத பொருளுக்கு அது போதும். ஆனால் ட்ராக்கிங் எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. இந்தியாவில் போட்டது ‘ஐ.என்.’ என்று முடியும். ஒன்பதாவது இலக்கம் சோதனை இலக்கம். முதல் எட்டையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழித்தால் அது வர வேண்டும். விடை 10 என்றால் 0, 11 என்றால் 5. உதாரணமாக 52081364: கூட்டினால் 168, மீதி 3, ஆக ஒன்பதாவது இலக்கம் 8. கடைக்காரர் ரசீதைப் பார்த்துக் கையால் எழுதி அனுப்பும் எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிடுவது சாதாரணம். வாங்கியவரிடம் அந்த எண்ணைக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ‘பார்சலே இல்லை என்கிறதே’ என்ற சண்டை பாதி குறையும்.

கடைசிப் பதிவு இந்தியாவிலேயே நின்றிருந்தால் இங்குள்ள தபால் நிலையத்தில் கேட்டுப் பலனில்லை. விசாரணைக் கடிதத்தை அனுப்பியவர்தான், அனுப்பிய ஊரில் கொடுக்க வேண்டும், அதுவும் ஆறு மாதத்துக்குள். அதனால் சென்னைக் கடைக்காரரிடம் அசல் ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். ரசீதில்லாமல் விசாரணை நகராது.

கூரியர் பெருந்தொற்றிலும் ஓடியது, ஆனால் அவசரகாலக் கூடுதல் கட்டணம் சேர்ந்து கசந்தது. அதில் அதிகம் அடிவாங்கியவர்கள் கன அளவு எடையைக் கவனிக்காதவர்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பார்கள்; அந்த விடை, தராசு எடை, இரண்டில் எது கூடுதலோ அத்தனை கிலோவுக்குக் கட்டணம். பிளாஸ்டிக் மாலையும் தோரணமும் நிரப்பிய 60 × 40 × 40 பெட்டி தராசில் ஏழு கிலோதான் இருக்கும். கூரியர் கணக்கிலோ 19.2 கிலோ. அதே பெட்டியின் உயரத்தைப் பத்து சென்டிமீட்டர் வெட்டினால் 14.4 ஆகிவிடும். மாலையைச் சுருட்டி, காற்றை உறிஞ்சும் பையில் அடைக்கச் சொன்னால் கட்டணம் இன்னும் இறங்கும். பித்தளைக் குத்துவிளக்கு நிரப்பிய பெட்டி முப்பது கிலோ என்றால் அந்த முப்பதுக்குமே காசு. கூரியருக்கு ஏற்றது சின்னதும் விலை கூடியதும்: பரத நாட்டிய நகை செட், கல்யாணத்துக்குத் தேதி குறித்த ஒற்றைப் பட்டுச் சேலை. மற்றதைப் போட்டால் லாபம் கூரியர்காரருக்கே.

கப்பலில் கணக்கு தலைகீழ். எல்.சி.எல். என்பது ஒரு கன்டெய்னரைப் பலர் பங்கிட்டுக்கொள்வது. அதில் சரக்கு எத்தனை கன மீட்டர், எத்தனை 1000 கிலோ என்று பார்த்து, இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம். மேலே சொன்ன பெட்டி 0.096 கன மீட்டர். பத்துப் பெட்டி 0.96, பெரும்பாலான சரக்கு ஏஜென்டுகளின் குறைந்தபட்சக் கட்டணத்துக்குள் அடங்கும். பத்திலும் பித்தளை இருந்தாலும் 300 கிலோதான், இடத்துக்கு மட்டுமே காசு. கனமான பொருளுக்குக் கப்பலைவிட்டால் வேறு கதியில்லை.

ஆனால் தாமதம் கூடு கட்டுவதும் இங்கேதான். சென்னைச் சரக்கு பெரும்பாலும் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கப்பல் மாறும். 2020 கடைசியில் உலகமெங்கும் கன்டெய்னர் தட்டுப்பாடு வந்தபோது அந்த இடமாற்றத்தில்தான் சரக்கு அடுத்த கப்பல், அதற்கடுத்த கப்பல் என்று தள்ளிப்போனது. முடிந்தால் காஞ்சிபுரத்துச் சரக்கையும் லாரியில் மும்பையின் நவ சேவா துறைமுகத்துக்கு அனுப்பி, டர்பனுக்கு நேரே வரும் கப்பலில் ஏற்றச் சொல்லுங்கள். லாரி வாடகை கூடினாலும் கப்பல் மாறும் ஆபத்து இல்லை. இன்னொன்று: உங்கள் பில் சுத்தமாக இருந்தாலும், அதே கன்டெய்னரில் இன்னொருவர் பேப்பர் தவறாக இருந்து சுங்கம் நிறுத்திவிட்டால் எல்லோருக்கும் நிறுத்தம்தான். அதனால் ஏஜென்டைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கேட்கும் முன், யார் யாருடைய சரக்கை ஒன்றாக ஏற்றுகிறார் என்று கேளுங்கள். பெட்டிகளை அடுக்கும் தட்டான பேலட் மரமாக இருந்தால், கோதுமைக் கதிர்ச் சின்னமும் மரத்தைச் சூடேற்றிப் பதப்படுத்தியதைக் குறிக்கும் ஹெச்.டி. எழுத்துகளும் உள்ள முத்திரையைப் போட்டோவில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுப்பலகைக்கு அது தேவையில்லை.

வரியை முன்கூட்டியே போடாதவர்கள் சரக்கு வந்தபின் பணம் திரட்டவே ஒரு வாரம் இழந்தார்கள், அந்த வாரத்துக்கும் கன்டெய்னரைப் பிரித்துச் சரக்கை வைத்திருக்கும் டிப்போவின் வாடகை ஓடியது. தைத்த ஆடைக்குச் சுங்கத் தீர்வை 45 சதவீதம். 10,000 ராண்ட் மதிப்புள்ள பாவாடை சட்டைக்கு 4,500. மதிப்புக் கூட்டு வரியான வாட் கணக்கிடும்போது மதிப்போடு பத்து சதவீதம் கூட்டி, தீர்வையையும் சேர்த்து 15,500 ராண்டுக்கு 15 சதவீதம்: 2,325. மொத்தம் 6,825. தைக்காத சேலை எந்தத் தீர்வைத் தலைப்பில் வரும் என்பதை, சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்டிடம் கப்பல் ஏறும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பொருள் கெடுவதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. கன்டெய்னருக்குள் சூடும் ஈரமும் அடைந்திருக்கும். கப்பல் தெற்கே வந்து ஜூலைக் குளிரைத் தொட்டதும் இரும்புக் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். சாதாரணமாக நாலைந்து வாரத்தில் தப்பிவிடும் பட்டு, மூன்று மாதம் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். பட்டை முதலில் மல் துணியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் போடச் சொல்லுங்கள். நேரே பிளாஸ்டிக்கில் போட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும். பெட்டிக்கு 50 கிராம் சிலிகா ஜெல் பொட்டலம் குறைந்தது நான்கு வேண்டும். ரப்பர் பேண்ட் கூடவே கூடாது. அதிலுள்ள கந்தகம் வெள்ளிச் சரிகையைக் கறுக்க வைக்கும். ரப்பர் பட்ட இடத்தில் மட்டும் விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்திருக்கும், துடைத்தால் போகாது.

இனி, அனுப்பவே கூடாதவை. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள், அபாயச் சரக்குப் பட்டியலில் 4.1ஆம் வகுப்பு. ‘பூஜைப் பொருள்’ என்று பொதுவாக எழுதி உள்ளே வைத்தால் மொத்தப் பார்சலும் மாட்டும். தப்பித்து வந்தாலும் சூட்டில் காற்றோடு கரைந்து பொட்டலம் பாதியாகியிருக்கும். டர்பனிலேயே வாங்குங்கள். தைப்பூசக் காவடிக்கு மயிற்பீலி கேட்பார்கள், ஆனால் இந்தியாவிலிருந்து அதை ஏற்றுமதி செய்யத் தடை. ருத்திராட்சம் விதை, மஞ்சள் கிழங்கு செடியின் பகுதி; இரண்டையும் தாவரப் பாதுகாப்பு அதிகாரிகள் கேள்வி கேட்பார்கள். செஞ்சந்தனம் அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

தேதிக் கணக்குக்கு வருவோம். ஏஜென்ட் சொல்லும் கப்பல் வரும் நாள், சரக்கு கைக்கு வரும் நாள் அல்ல. கப்பல் வெளியே நங்கூரமிடும், துறைக்குள் வரும், இறக்குவார்கள், டிப்போவுக்குப் போகும், பிரிப்பார்கள், சுங்கம் விடும். டர்பனில் காற்று பலமாக வீசினால் கிரேனையே நிறுத்திவிடுவார்கள். 2021 ஜூலையில் கலவரத்தால் ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 சாலை அடைபட்டது, குடோன்கள் சூறையாடப்பட்டன. அது ஓய்ந்த சில நாளில், 22ஆம் தேதி, துறைமுகக் கணினிகள்மீது சைபர் தாக்குதல் நடந்து, வேலை கைக்கணக்குக்குப் போனது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலையே அரித்துப் போனது. இதையெல்லாம் யாரும் முன்கூட்டிக் கணிக்க முடியாது, ஆனால் இடைவெளி விட முடியும். தீபாவளிச் சரக்கு புரட்டாசிக்கு முன், ஆகஸ்ட் கடைசியில் கையில் இருக்க வேண்டும் என்றால்: கன்டெய்னர் நிரம்ப ஒரு வாரம், கடலில் ஐந்து, தாமதத்துக்கு நான்கு, கிளியரிங்குக்கு ஒன்று. பதினோரு வாரம் பின்னே போனால் ஜூன் நடுப்பகுதி. அன்றைக்குப் பெட்டி சென்னைக் குடோனில் இருக்க வேண்டும்.

முன்பணம் வாங்கி விற்கிறவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்நாட்டு மின்வணிகச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஆர்டரை 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் வாங்குபவர் ஏழு நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்யலாம். ‘கப்பல் சரக்கு, 14 வாரம் வரை ஆகலாம்’ என்று பணம் வாங்கும் முன்பே எழுதி, அவர் ‘சரி’ என்று பதில் போட்டதைச் சேமித்து வையுங்கள்.

தாமதமானபோது வாடிக்கையாளரைத் தக்கவைத்தது தள்ளுபடியைவிட, அவர் கேட்கும் முன்பே போன செய்திதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். தேதி சொல்லாமல், சரக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்: “வணக்கம் அக்கா. நீங்கள் கேட்ட 9 அங்குலக் குத்துவிளக்கு டர்பன் டிப்போவுக்கு வந்துவிட்டது, பெட்டி இன்னும் பிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி எழுதுகிறேன். காத்திருக்க முடியாது என்றால் சொல்லுங்கள், பணத்தை இன்றைக்கே திருப்பிவிடுகிறேன்.” வெள்ளிக்கிழமை புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் அன்று எழுதிவிட வேண்டும்.