எபேனில் ஒரு மேலாண்மை நிறுவனம்: வாங்கிய சேவையும் கொடுத்த விலையும்

மொரீசியஸில் பதிவுசெய்து பெரும்பாலும் வெளிநாடுகளில் வணிகம் செய்யும் நிறுவனங்களுக்கான குளோபல் பிசினஸ் உரிமத்தைப் பெற விரும்பும் வெளிநாட்டார், நிதிச் சேவைகள் ஆணையத்திடம் நேரடியாகப் போய் விண்ணப்பிக்க முடியாது; ஆணையம் அங்கீகரித்த மேலாண்மை நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். உரிமம் கிடைத்த பின்னும் நிர்வாகம் அந்த மேலாண்மை நிறுவனத்தின் கையில்தான் இருக்கும். ஆகவே, எந்த நாட்டில் தொழில் தொடங்குவது என்ற முடிவுக்கு அடுத்தபடியாக, யார் வழியாகத் தொடங்குவது என்பதே பெரிய முடிவாகிவிடுகிறது. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் என் மைத்துனர், தென்னாப்பிரிக்காவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தம் விற்பனையைக் கவனித்துக்கொள்ள மொரீசியஸில் ஒரு நிறுவனம் தொடங்கியபோது, இங்கே கணக்காளனாக இருக்கும் நான் தொடக்கம் முதல் உடனிருந்தேன். அவருக்குச் சேவை செய்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. உரிமம் வாங்கித் தருவதிலும் அதற்குப் பிந்தைய நிர்வாகத்திலும் அவர்கள் கைதேர்ந்தவர்கள். வங்கிக் கணக்கு விஷயத்தில் கைவிட்டார்கள். பில் போடுவதில் மிகத் தாராளமானவர்கள்.

மொரீசியஸின் அலுவலக வளாகமான எபேன் சைபர்சிட்டியில் நடந்த முதல் சந்திப்பில் விளக்கம் அளித்த அதிகாரி, எடுத்த எடுப்பிலேயே வரியில் தொடங்கினார். நிறுவன வரி 15 சதவீதம், சரக்கு ஏற்றுமதி வருமானத்துக்கு 3 சதவீதம், மூலதன ஆதாய வரி கிடையாது. தூத்துக்குடியில் ஏற்றிய பெட்டி மொரீசியஸ் கரையைத் தொடாமல் நேரே டர்பனுக்குப் போனாலும், இங்குள்ள நிறுவனம் தன் பெயரில் வாங்கி விற்றிருந்தால் அந்த 3 சதவீதம் பொருந்தும் என்பதைத் தெளிவாகவே சொன்னார். ஆனால் இந்தியாவுடனான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தை அவர் புகழ்ந்த விதம் பழைய சரக்கு. 1982இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் பலத்தில், இந்தியப் பங்குகளை விற்று வந்த ஆதாயத்துக்கு எங்குமே வரி கட்டாமல் பல முதலீட்டாளர்கள் இத்தீவு வழியாகப் பணத்தைக் கொண்டுபோனார்கள். 2016இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அதற்குப் பின்னும் நிறுவனங்கள் இங்கே வந்துகொண்டிருக்கின்றன என்றால், அவற்றை இழுப்பது வேறு ஏதோ ஒன்று. அதைப் பற்றி அந்த விளக்கத்தில் இருந்தது கடைசி இரண்டு நிமிடம் மட்டுமே.

மீதியை நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டை மொரீசியஸ் 1994இலேயே நிறுத்தி வைத்துவிட்டது. ஆகவே டர்பனில் வசூலான பணம் ஒருமுறை இங்கே டாலராக வந்து சேர்ந்துவிட்டால், அதை நைரோபிக்கு அனுப்பவோ திருப்பூருக்குத் திருப்பவோ எந்த மத்திய வங்கியின் வாசலிலும் காத்திருக்க வேண்டியதில்லை. குடிமைச் சட்டம் பிரெஞ்சு வழியிலும் நிறுவனச் சட்டம் ஆங்கிலேய வழியிலும் அமைந்த இந்நாட்டின் இறுதி மேல்முறையீடு இன்றும் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு மன்றத்துக்குத்தான் போகிறது; ஆப்பிரிக்கப் பங்காளியுடன் பிணக்கு வந்தால் எந்த நீதிமன்றம் என்ற கேள்விக்கு இருதரப்பும் ஒப்புக்கொள்ளும் விடை அது. கொமேசா, சாடெக் என்ற இரண்டு ஆப்பிரிக்க வணிகக் கூட்டமைப்புகளிலும் மொரீசியஸ் உறுப்பு நாடு. காலையில் ஆங்கிலத்தில் ஒப்பந்தம் எழுதும் எழுத்தரே, பிற்பகலில் மடகாஸ்கர் வாடிக்கையாளருடன் பிரெஞ்சில் பேசிவிடுவார். கடிகாரமோ திருப்பூருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், டர்பனுக்கு இரண்டு மணி நேரம் முன்னால். என் மைத்துனரை முதலில் கவர்ந்தது என்னவோ மொரீசியஸ் ரூபாய் நோட்டில் இருந்த தமிழ் எழுத்துதான். நாட்டைத் தேர்ந்தெடுக்க அது ஒரு காரணமாகாது என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

இங்கேயே தையல் ஆலை வைக்கலாமா என்றும் கேட்டார். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த காலத்தில் அது நல்ல கேள்வியாக இருந்திருக்கும். இன்று உள்ளூர் ஆலைகளே வங்கதேசத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவருகின்றன. சில ஆலைகள் உற்பத்தியை மடகாஸ்கருக்குக் கொண்டுபோய்விட்டன.

சேவையின் கடினமான பகுதி ஆவணச் சரிபார்ப்பு. முகவரிச் சான்றாக அவர் கொடுத்த மின்கட்டண ரசீது, காலமான தந்தையின் பெயரில் இருந்ததால் திரும்பி வந்தது. முதலீட்டுப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காட்டிய பாகப்பிரிவினைப் பத்திரத்தை, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையிட்ட சான்றுபெற்ற மொழிபெயர்ப்புடன் கேட்டார்கள். “ஏனுங்க மாப்பிள்ளை, காசு கொண்டு வர்றவன்கிட்டயே இத்தனை கேள்வியா?” என்று அவர் தொலைபேசியில் நொந்துகொண்டார். பணமோசடித் தடுப்பில் குறைபாடு உள்ள நாடு என்று 2020 பிப்ரவரியில் எஃப்ஏடிஎஃப் என்ற பன்னாட்டுக் கண்காணிப்பு அமைப்பின் சாம்பல் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2021 அக்டோபரில்தான் வெளியே வந்தது மொரீசியஸ். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. எனக்கு இந்தக் கெடுபிடியில் குறை இல்லை. இந்த ஊர் நிறுவனத்தின் காசோலையை வெளிநாட்டு வங்கி நம்புகிறது என்றால், இத்தகைய கேள்விகள் கேட்கப்பட்டதால்தான் நம்புகிறது.

பாராட்ட வேண்டியது அவர்கள் தந்த இயக்குநர்களை. சட்டப்படி குறைந்தது இரண்டு உள்ளூர் இயக்குநர்கள் வேண்டும். பல இடங்களில் அவர்கள் கையெழுத்துப் போடும் கைகள் மட்டுமே. இங்கே அப்படியில்லை. திருப்பூரில் வாட்ஸாப்பில் முடிவுசெய்த ஒரு கொள்முதலை இயக்குநர் குழுக் கூட்டத்தில் எடுத்த முடிவாகப் பதிவுசெய்யுமாறு கேட்டபோது, ஓர் இயக்குநர் மறுத்தார். விலைப்பட்டியலையும் வாங்குபவரின் கடன் நிலையையும் வரவழைத்துப் பார்த்து, முறையாகக் கூட்டம் கூட்டிய பிறகே கையெழுத்திட்டார். முடிவுகள் உண்மையில் திருப்பூரில்தான் எடுக்கப்படுகின்றன என்று இந்திய வருமான வரித்துறை கருதினால், இந்த நிறுவனத்தையே இந்திய நிறுவனமாகக் கணக்கிட்டு வரி கேட்க இடமுண்டு. அந்த ஒரு மறுப்பு ஓராண்டுக் கட்டணத்துக்குச் சமம்.

வங்கிக் கணக்கில்தான் ஏமாற்றம். முதன்மைக் கணக்கு மொரீசியஸ் வங்கியில் இருக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. உரிமத்தோடு கணக்கும் கைக்கு வந்துவிடும் என்று பேசியவர்கள், விண்ணப்பத்தை வங்கியில் சேர்த்ததோடு ஒதுங்கிக்கொண்டார்கள். வங்கி புதிதாகக் கேட்ட கேள்விகள் அவர்களுடைய மின்னஞ்சலில் வாரக்கணக்கில் கிடந்தன. அதற்குள் ஒரு பருவத்தின் சரக்கு திருப்பூர் நிறுவனத்தின் பெயரிலேயே போய்விட்டது. வங்கியின் தாமதத்துக்கு அவர்கள் பொறுப்பல்லர்; பதில் எழுதாததற்குப் பொறுப்பு.

கட்டண மதிப்பீட்டில் உரிமக் கட்டணமும் ஆண்டு நிர்வாகக் கட்டணமும் தெளிவாக இருந்தன. வந்த பில்லில் கூரியர், நகல் சான்று, தொலைபேசி உரையாடல் எல்லாம் மணிக்கணக்கில் தனித்தனியே ஏறியிருந்தன.

ஆப்பிரிக்காவில் இரண்டு மூன்று நாடுகளில் தொடர்ந்து வணிகம் செய்பவருக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரே நாட்டுக்கு ஆண்டில் சில பெட்டிகள் அனுப்புபவருக்கு இந்தச் செலவு வீண். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், கூடுதல் பணிகளுக்கான மணிக்கட்டணத்துக்கு உச்சவரம்பு கேளுங்கள். வங்கியின் கேள்விகளுக்கு எத்தனை நாளில் பதில் அனுப்புவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வேறு மேலாண்மை நிறுவனத்துக்கு மாற நேர்ந்தால் கோப்புகளை ஒப்படைக்க என்ன கட்டணம் என்பது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.