டெல்லியில் ஜூனியராகச் சேர எது நல்லது: கம்பெனியா, சீனியர் சேம்பரா, ஏ.ஓ.ஆர். ஆபீஸா?

சட்டப் படிப்பை முடித்துவிட்டு டெல்லிக்கு ரயிலேறும் நம்மூர்ப் பிள்ளைகள் போனில் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கே சேரலாம்? லா ஃபர்ம், கம்பெனியின் சட்டப் பிரிவு, சீனியர் அட்வகேட் சேம்பர், ஏ.ஓ.ஆர். (அட்வகேட் ஆன் ரெக்கார்ட்) ஆபீஸ் என்று நாலு வாசல் இருக்கிறது. நான் நுழைந்தது நாலாவதில். இப்போது என்னிடமே இரண்டு ஜூனியர்கள் இருக்கிறார்கள். என் சாய்வு எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சம்பளப் பேச்சைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கம்பெனியும் ஃபர்மும்தான் அதிகம் கொடுக்கும். நகரங்களில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயாவது கொடுங்கள் என்று பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 2024 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டது. அது பரிந்துரைதான், கட்டாயமில்லை. அதைக்கூடக் கொடுக்காத ஆபீஸ்கள் நிறைய. கொடுத்தாலும், டெல்லி ஜங்புரா பகுதியில் அறை எடுத்தால் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

ஃபர்மில் நான் வேலை பார்த்ததில்லை. கூடப் படித்தவர்கள் சொல்வதை வைத்துத்தான் பேசுகிறேன். அங்கே பலருக்கு வருவது சம்பளமல்ல, தொழில்முறைக் கட்டணம். 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், பி.எஃப். இருக்காது. அதனால் ஃபர்ம் சொல்லும் தொகையையும் கம்பெனி சொல்லும் சி.டி.சி.யையும் (பி.எஃப். எல்லாம் சேர்த்த மொத்தச் சம்பளக் கணக்கு) அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பும்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஐந்து வருஷம் கழித்து அந்த இடத்தை விட்டு வெளியே வந்தால், வக்கீலாகக் கையில் என்ன மிஞ்சும்?

கம்பெனியில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தால் பார் கவுன்சில் விதி 49 குறுக்கே நிற்கும். முழுநேரச் சம்பளக்காரர் வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்பது அந்த விதி; சன்னதை, அதாவது வக்கீல் உரிமத்தை, நிறுத்திவைக்க வேண்டும். அந்த வருஷங்கள் பிராக்டிஸ் கணக்கில் சேராது. சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத 3 வருஷ பிராக்டிஸ் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2025 மே மாதம் பழைய நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. ஜட்ஜ் ஆகும் ஆசை மனசில் ஒரு மூலையில் இருந்தால்கூட இதை யோசிக்காமல் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சீனியர் சேம்பரில் சட்டம் கற்றுக்கொள்வது போல வேறெங்கும் கற்க முடியாது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சீனியர் என்று அங்கீகாரம் பெற்றவர் வக்காலத்து போட முடியாது, கட்சிக்காரரிடம் நேரடியாகக் கேஸ் வாங்கவும் முடியாது. கேஸ் கட்டு முந்தின நாள் சாயங்காலம் வரும், கான்ஃபரன்ஸ் நடக்கும், மறுநாள் வாதம் முடிந்ததும் போய்விடும். கட்சிக்காரர் முகத்தையே ஜூனியர் பார்க்காமல் போகலாம். வீட்டில் பண வசதி இருந்து, பேர் சொல்லும்படியான ஒரு சேம்பரும் கிடைத்தால் போகலாம்.

இனி ஏ.ஓ.ஆர். ஆபீஸ். சுப்ரீம் கோர்ட்டில் ஃபைல் செய்யும் உரிமை ஏ.ஓ.ஆருக்கு மட்டும்தான். அப்படி ஆக 4 வருஷ பிராக்டிஸ், அதன்மேல் 10 வருஷம் ஏ.ஓ.ஆராக இருந்தவரிடம் ஒரு வருஷப் பயிற்சி, பிறகு நாலு தாள் பரீட்சை. ஒவ்வொரு தாளிலும் 50, மொத்தத்தில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். பாஸ் ஆனபின் கோர்ட்டிலிருந்து 16 கிலோமீட்டருக்குள் ஆபீஸும், பதிவு பெற்ற கிளர்க்கும் வேண்டும். இந்த வேலையையே தினமும் பார்க்கும் ஜூனியருக்குப் பரீட்சையில் பாதி ஏற்கனவே பழகிய விஷயம்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கே இன்னொரு அனுகூலமும் உண்டு. சென்னை, மதுரை ஹைகோர்ட் தீர்ப்புகளை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டில் எஸ்.எல்.பி. (சிறப்பு அனுமதி மனு) போட 90 நாள்தான். கட்சிக்காரர் 80ஆவது நாள் வந்து நிற்பார், கையில் மை மங்கிய கிரயப் பத்திரம், அடங்கல், பட்டா. ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் ரிஜிஸ்ட்ரி (கோர்ட்டின் பதிவு அலுவலகம்) டிஃபெக்ட், அதாவது குறை, போட்டுத் திருப்பிவிடும். நான்கெல்லையையும் மாமூல் பாதையையும் படித்துப் புரிந்துகொண்டு எழுத, அந்த ராத்திரியில் ஆபீஸில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். இதில் ஆபத்தும் உண்டு: மொழிபெயர்ப்பு வேலையிலேயே உட்காரவைத்துவிட்டால் இரண்டு வருஷம் ஓடியிருக்கும், ஒரு வாய்தாகூடக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஜூனியர்களைத் தக்கவைப்பது பற்றி, இப்போது மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவனாகச் சொல்கிறேன். மூன்றாவது வருஷம்தான் கண்டம். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள், ‘மாப்பிள்ளைக்கு என்ன வருமானம்’ என்று கேள்வி வரும், பையன் கம்பெனிக்கு ஓடிவிடுவான். மாதம் ஐந்தாயிரம் கூட்டிக் கொடுத்துப் பார்த்தேன், பெரிதாகப் பலனில்லை. சொந்த வக்காலத்து போட விட்டதுதான் நிறுத்தியது. சொந்தக்காரர் ஒருவரின் செக் பவுன்ஸ் கேஸ் டெல்லி சாகேத் கோர்ட்டில் ஓடுகிறது, ஃபீஸ் நேராகப் பையன் கைக்கு வருகிறது என்றால் அவன் ஏன் போகப் போகிறான்? என் நிபந்தனை ஒன்றுதான்: திங்களும் வெள்ளியும் சுப்ரீம் கோர்ட்டில் புது கேஸ்கள் வரும் நாள், அன்றைக்குச் சொந்த வாய்தா வைத்துக்கொள்ளக் கூடாது. ஆபீஸ் பிரின்டரையும் பேப்பரையும் பற்றி நான் கேட்பதில்லை.

என் வாதம் ஆட்டம் காணும் இடம் ஒன்று உண்டு. கம்பெனியில் பெண்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு சட்டப்படியே கிடைக்கும். எங்களைப் போன்ற சின்ன ஆபீஸ்களில் அது அவரவர் மனசைப் பொறுத்தது. இந்தக் காரணத்துக்காகவே கம்பெனிக்குப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால், தடுக்க என்னிடம் பதில் இல்லை.

ஏ.ஓ.ஆர். ஆபீஸ்தான் என்று முடிவு செய்தால், சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். சொந்தக் கேஸ் நடத்தலாமா? எத்தனை மாதத்தில் கோர்ட்டில் எழுந்து நிற்க விடுவீர்கள்? கடைசியாகப் போன ஜூனியர் எத்தனை வருஷம் இருந்தார்? மூன்றாவதை மட்டும் சாரிடம் கேட்காமல், வெளியே வரும்போது கிளர்க்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.