உதட்டு ஃபில்லருக்குப் பிறகு: ஓராண்டு கடந்த என் அனுபவம்

உதட்டில் ஃபில்லர், அதாவது உதட்டை நிறைவாகக் காட்ட ஊசியால் செலுத்தும் ஜெல், போட்டுக்கொண்டதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஊசி போடும் அந்த அரை மணி நேரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கேள்விகள் எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எழுகின்றன. ஓராண்டுக்கு மேலாக இதோடு இருப்பவள், நடுவில் ஒருமுறை மீண்டும் போட்டுக்கொண்டவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்த பராமரிப்பு இதுதான்: உதட்டிலிருந்து கையை எடுத்துவிடுங்கள், கண்ணை மட்டும் எடுக்காதீர்கள்.

எனக்குப் போட்டது ஹையலூரானிக் அமில ஜெல். இன்று பரவலாகப் பயன்படுவதும் அதுதான். நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்வது அதன் இயல்பு. ஊசி குத்திய காயமும் அதோடு சேரும்போது வீங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பெரும்பாலான ஜெல்களில் லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்து கலந்தே வருகிறது. மரத்த உணர்வு முழுமையாகப் போகும்வரை சூடாக எதையும் குடிக்காதீர்கள். உதடு வெந்தாலும் தெரியாது.

வீக்கம் உச்சத்துக்குப் போவது அன்றைக்கு அல்ல, அடுத்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள். மறுநாள் காலையில் கண்ணாடியில் பார்த்தபோது என் மேலுதடு மூக்குக்குக் கீழே தனியாகப் புடைத்து நின்றது. வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடப் பெரிது. வாயை முழுதாக மூட முடியவில்லை. தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழிந்தது. இது இப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் முன்பே விளக்கியிருந்ததால் பதறவில்லை. இரு பக்கமும் ஒரே அளவில் வீங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அந்த நிலையில் உதட்டைப் பார்த்து 'கோணலாகிவிட்டது' என்று முடிவுகட்டுவது வீண் மனவேதனை. இரண்டு வாரம் கழிந்த பிறகு பாருங்கள், அப்போதுதான் உண்மையான வடிவம் தெரியத் தொடங்கும். முழுதாக அடங்க நான்கு வாரம்கூட ஆகலாம்.

முதல் இரண்டு நாள் நான் செய்தவை மிகக் குறைவு. மெல்லிய துணியில் சுற்றிய ஐஸை அழுத்தாமல் சில நிமிடம் ஒற்றி எடுத்தேன். தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி மல்லாந்து படுத்தேன். வலிக்கு பாரசிட்டமால் போதுமானதாக இருந்தது. ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை இரத்தக்கட்டை அதிகமாக்கக்கூடும் என்பதால் தவிர்த்தேன். ஆனால் இதய நோய்க்காக ஆஸ்பிரினோ, இரத்தம் உறையாமலிருக்க வேறு மருந்தோ எடுப்பவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கடும் உடற்பயிற்சி, நீராவிக் குளியல், மது மூன்றையும் அந்த இரண்டு நாளும் தள்ளிவைத்தேன். உதட்டுச்சாயம் மறுநாள் வரை கிடையாது. ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவதும் முத்தமும் சில நாள் பொறுக்கட்டும். ஓரத்தில் ஊதா நிறத்தில் கன்றியிருந்த இடம் பச்சையாகி, மஞ்சளாகி, தானாகவே மறைந்தது. வழக்கமாக ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும்.

இனி நான் சொல்லப்போவதை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். அபூர்வமாக ஜெல் இரத்தக்குழாய்க்குள் போய்விடலாம், அல்லது வெளியிலிருந்து அதை அழுத்தி அடைத்துவிடலாம். அப்போது அந்தப் பகுதி வெளிறிப் போகும், அல்லது தோலில் வலைபோல் நீலமும் சிவப்பும் கலந்த திட்டுகள் படரும். வலி நேரம் ஆக ஆகக் குறைவதற்குப் பதில் கூடும். என்னை அனுப்புவதற்கு முன் மருத்துவர் ஒரு சோதனையைக் கற்றுக்கொடுத்தார். உதட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக அழுத்தினார். அந்த இடம் வெளுத்தது. விரலை எடுத்ததும் ஓரிரு நொடியில் நிறம் திரும்பியது. "இது மூன்று நொடிக்கு மேல் இழுத்தால், இரவு எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கள்" என்றார். அன்று இரவு தூங்கப் போகும் முன்பும் விழித்த உடனும் அதைச் செய்து பார்த்தேன். கை வைக்காதே என்ற விதிக்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே விலக்கு அது. நிறம் சரியாக இருந்தாலும் வலி ஏறிக்கொண்டே போனால் காத்திருக்கக் கூடாது. பார்வையில் திடீர் மாற்றம் வந்தால் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கவும் நேரமில்லை. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இந்த அடைப்பைக் கரைக்க ஹையலூரானிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போடுகிறார்கள். ஹையலூரானிக் அமில ஜெல்லை மட்டுமே அது கரைக்கும். ஆகவே ஊசிக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எனக்குப் போடுவது என்ன, அந்த நொதி இங்கே இருப்பில் இருக்கிறதா? இதற்குத் தயங்கிப் பதில் சொல்லும் இடத்தில் உதட்டைக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஊசியில்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைச் செலுத்தும் பேனா வடிவக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021இல் எச்சரித்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆசை யாருக்காவது இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

உதட்டில் ஹெர்பிஸ் கொப்புளம் அடிக்கடி வருபவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசியின் தூண்டுதலில் அது மீண்டும் கிளம்பலாம். தடுக்க மாத்திரை தருவார்கள்.

அடுத்து முடிச்சுகள். வீக்கம் வடிந்த பிறகு மேலுதட்டின் உட்புறம் நாக்கால் தடவினால் மிளகு அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. வெளியே தெரியாது, ஆனால் நாக்கு ஓயாமல் அதையே தேடிப் போனது. அமுக்கிவிடலாமா என்று கேட்டேன். "நான் சொன்னால் ஒழிய வேண்டாம்" என்றார் மருத்துவர். ஒரு மாதம் ஆவதற்குள் அது மிருதுவாகி, பிறகு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. சிலருக்கு மருத்துவரே மசாஜ் செய்யச் சொல்வார். சொல்லாமல் நாமாகப் பிசைந்தால் ஜெல் இடம் மாறவும், குத்திய துளை வழியே கிருமி நுழையவும் வாய்ப்பு உண்டு. சிவந்து, சூடாகி, வலிக்கிற கட்டியோ சீழோ காய்ச்சலோ வந்தால் அது வேறு விஷயம். காட்டியே ஆக வேண்டும்.

மாதங்கள் கடந்த பிறகும் உதடு திடீரென்று வீங்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. எல்லாம் அடங்கி வெகு நாள் ஆன பின் எனக்குக் கடும் காய்ச்சலும் சளியும் வந்தது. அப்போது மேலுதடு லேசாகத் தடித்து, தொட்டால் கெட்டியாக இருந்தது. உடல் தொற்றோடு போராடும்போது ஃபில்லர் உள்ள இடமும் அழற்சி காட்டக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். எனக்குக் காய்ச்சலோடு சேர்ந்து அதுவும் அடங்கியது. அடங்காவிட்டால் சிகிச்சை தேவைப்படும்.

பல் சுத்தம் செய்வது போன்ற வேலைகளை ஊசிக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரமாவது தள்ளிவையுங்கள். வாயில் உள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்து ஜெல்லைத் தொற்றும் ஆபத்தைக் குறைக்கத்தான் அது.

உதட்டில் ஃபில்லர் வழக்கமாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நிற்கும் என்பார்கள். எனக்கு நிறைவு மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரே நாளில் வற்றிப்போகவில்லை. நாள்காட்டியைப் பார்த்து மறுபடி நிரப்புவது எனக்கு உடன்பாடில்லை. கண்ணுக்குக் குறைந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஜெல் மிச்சம் இருக்கலாம். அதன்மேல் ஏற்றிக்கொண்டே போனால் உதட்டின் எல்லையைத் தாண்டி மேலே புடைப்பாகத் தள்ளி நிற்கும். இரண்டாம் முறை முதல் முறையில் பாதிக்கும் குறைவாகவே போட்டுக்கொண்டேன். வீக்கமும் குறைவாகவே இருந்தது. பழைய படங்களோடு ஒப்பிட்டு மருத்துவர் போதும் என்றதால், மூன்றாவது முறையை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறேன். ஜெல்லின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கரை இரண்டு முறையும் கேட்டு வாங்கி மருத்துவக் கோப்பில் ஒட்டிவைத்திருக்கிறேன். வேறொரு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.